சின்னக் குழந்தைகளோடு கப்பல் பயணம்: பினாங்கில் டூர் வேண்டாம், புக்கெட்டில் வேண்டும்

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் போய்த் திரும்புகிற கப்பலில் குடும்பத்தோடு போய்வந்ததிலிருந்து, சொந்தக்காரர்களில் ஆரம்பித்து மகளோடு படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் வரை எல்லாரும் கப்பல் எப்படி, சாப்பாடு எப்படி என்றுதான் கேட்கிறார்கள். கப்பல் நன்றாகத்தான் இருந்தது, சைவச் சாப்பாடும் கிடைத்தது. ஆனால் கைக்குழந்தையோ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிள்ளையோ வைத்திருப்பவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் வேறு. கப்பல் நிற்கிற ஊரில் இறங்கி என்ன செய்யப் போகிறோம்? ஷோர் எக்ஸ்கர்ஷன் என்று கப்பல்காரர்கள் ஒரு நீளமான பட்டியல் கொடுப்பார்கள், அதில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் மொத்தப் பயணமும் இருக்கிறது. அதனால் இந்த விமர்சனம் கப்பலுக்கு இல்லை, அந்த டூர்களுக்கு.

எங்கள் கூட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் இதைப் படித்துப் பிரயோஜனமில்லை. நான், வீட்டுக்காரர், அஞ்சு வயது மகள், இன்னும் மூன்று முடியாத மகன், முழங்கால் வலியுள்ள என் அத்தை. கூடவே கொழுந்தனார் குடும்பம், அவர்கள் வீட்டில் பையன்கள் இருவரும் பெரிய வகுப்பு. ஒரே கப்பல், ஒரே துறைமுகம், ஆனால் அவர்களுக்கு அருமையாக இருந்த டூர் எங்களுக்குத் தண்டனையாக இருந்திருக்கும்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாகட்டும். மதுரையில் டிக்கெட் போடும்போது ‘சைட்சீயிங் எல்லாம் சேர்த்துத்தான் மேடம்’ என்று டிராவல்ஸில் சொன்னார்கள். எதெது சேர்த்து என்று எழுதிக் கேட்டபோதுதான் அது சிங்கப்பூரில் ஒரு நாள் சுற்றுவது மட்டும், கப்பல் போகிற ஊர்களுக்கு இல்லை என்று தெரிந்தது. பொதுவாகக் கப்பல் டிக்கெட்டில் தங்குவதும் சாப்பாடும்தான், கரையில் சுற்றுவதற்குத் தனிக் காசு. அதுவும் தலைக்கு இவ்வளவு என்று. குழந்தைக்குக் கட்டணம் குறைவு என்று போட்டிருந்தாலும் பெரிதாக ஒன்றும் குறையாது, மடியில் உட்கார்கிற குழந்தைக்கு மட்டும் சில டூர்களில் இலவசம். குடும்பமாகக் கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் டூருக்கே நல்ல தொகை வந்துவிடும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஊருக்கும் வாங்காதீர்கள்.

பினாங்குக்கு வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, குழந்தைகள் சின்னவர்களாக இருந்தால். காரணம் எளிது. கப்பல் நிற்கிற ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்து ரோட்டைப் பார்த்தால் விக்டோரியா ராணியின் அறுபதாவது ஆட்சி ஆண்டுக்காகக் கட்டிய மணிக்கூண்டு, வருடத்துக்கு ஒரு அடி என்று 60 அடி உயரம். பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை, 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடம். அங்கிருந்து கொஞ்சம் உள்ளே நடந்தால் லிட்டில் இந்தியா, பூக்கடை, ஜவுளிக்கடை, தமிழ்ப்பாட்டு, 1833-ல் கட்டிய மகாமாரியம்மன் கோவில். ஊரே 2008-லிருந்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது, அதைப் பார்க்க ஒரு பஸ் எதற்கு?

எங்கள் கப்பல் மதியம் சேர்ந்து இரவு கிளம்பியது. சின்னவன் தூங்குகிற நேரம் அது. டூர் எடுத்தவர்கள் எல்லாரும் தியேட்டரில் கூடி, சட்டையில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் அவனைத் தூங்கவைத்துவிட்டு, கூட்டம் வடிந்து, வெயில் தாழ்ந்த பிறகு சாவகாசமாக இறங்கினோம். இந்தச் சுதந்திரம் ஒன்றுக்காகவே தனியாகப் போகலாம். டூர் பஸ்ஸில் நாற்பது பேர் ஏறி முடிப்பதற்குள்ளேயே ஒரு குழந்தைக்குப் பசிக்கும், இன்னொரு குழந்தைக்கு ஒண்ணுக்கு வரும். நாங்கள் நின்ற இடத்தில் நின்றோம், அத்தைக்குக் கால் வலித்தால் உட்கார்ந்தோம். கோவிலில் போய் நின்றதும் அத்தை, ‘ஏத்தா, நம்ம ஊருக்குள்ள இருக்க மாதிரியே இருக்குல்ல’ என்று சொல்லிக் கைப்பையைத் திறந்து மதுரையிலிருந்து கொண்டுவந்த குங்குமப் பொட்டலத்தை எடுத்து அம்மன் பாதத்தில் வைக்கச் சொல்லி ஐயரிடம் கொடுத்தார்கள். இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் வராது.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை, இட்லி, தோசை, இலைச்சாப்பாடு எல்லாம் தமிழில் கேட்டு வாங்கலாம். ஸ்ட்ரோலர் மட்டும் தொல்லை. கடைகளுக்கு முன்னால் இருக்கிற அஞ்சடி நடைபாதை கடைக்குக் கடை உயரம் மாறும், நடுவில் பைக் நிற்கும், அதனால் எடை குறைந்த, ஒரு கையால் மடக்குகிற வண்டியாக இருந்தால் கொண்டுபோங்கள், இல்லையென்றால் இடுப்பில் கட்டிக்கொள்கிற பை போதும். ஆர்மீனியன் தெருவில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகிற சுவரோவியம் ஒன்று இருக்கிறது, 2012-ல் வரைந்தது, நிஜ சைக்கிளைச் சுவரோடு சேர்த்து வைத்திருப்பார்கள். என் மகள் அந்தச் சைக்கிளின் பின்சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வரைந்த பிள்ளையின் முகத்தைப் போலவே வாயைத் திறந்துகொண்டு நின்றதுதான் எங்கள் பயணத்தின் சிறந்த போட்டோ.

கொழுந்தனார் வீட்டில் கப்பலின் பினாங்கு மலை டூரை எடுத்தார்கள். மலைக்குப் போகிற ரயில் 1923-ல் தொடங்கியது, 2011-ல் புது வண்டி விட்டார்கள், நம் பழநி விஞ்ச் மாதிரிதான், ஆனால் இன்னும் நீளமாக, வேகமாக ஏறும். பையன்கள் முன்னால் நின்று பார்த்து ரசித்திருக்கிறார்கள். அதோடு சேர்ந்த கெக் லோக் சி என்கிற சீனப் புத்தக் கோவிலில் படிகள் அதிகம். மலையடிவாரத்தில் வரிசை, மேலே வரிசை, இறங்கவும் வரிசை. பெரிய பையன்களுக்குச் சரி, எட்டு வயதுக்கு மேல் இருந்தால் நானும் சிபாரிசு செய்வேன். மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் நிற்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

புக்கெட் கதை வேறு. எங்கள் கப்பல் அங்கே கரையை ஒட்டி நிற்கவில்லை, படோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நங்கூரம் போட்டது. டெண்டர் என்கிற சின்னப் படகில் இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். கப்பலின் தரைக்கும் படகின் தரைக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி, படகு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அலை மேலே வரும் நொடிக்காகக் காத்திருந்து ‘நவ்’ என்று சொல்லி இரண்டு பக்கமும் ஆள் நின்று கையைப் பிடித்து இறக்குவார்கள். குழந்தையை அவர்களே வாங்கி அந்தப் பக்கம் கொடுத்துவிடுவார்கள். அத்தையை இறக்கியவர் அவசரப்படுத்தவே இல்லை, அதற்கு முழு மார்க். இப்படிப்பட்ட துறைமுகத்தில் கப்பல் டூர் வாங்கியவர்களை முதலில் இறக்குவார்கள், மற்றவர்கள் நம்பர் வாங்கிக் காத்திருக்க வேண்டும். குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தக் காத்திருப்பு பெரிய பாடு, ஆகவே இங்கே டூருக்குக் காசு கொடுக்கலாம்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். கப்பலில் வாங்கிய டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமே டாக்ஸி பிடித்துப்போய் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் காத்திருக்காது, கிளம்பிப் போய்விடும், அப்புறம் சொந்தச் செலவில் விமானம் பிடித்து அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். பினாங்கில் நடந்துபோகிற தூரத்திலேயே கப்பல் இருந்ததால் அந்தப் பயம் இல்லை. புக்கெட்டில் எல்லா இடமும் மலைரோட்டைத் தாண்டி இருக்கிறது.

நேரத்தையும் இங்கேதான் கவனிக்க வேண்டும். மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நேரம், தாய்லாந்து ஒரு மணிநேரம் பின்னால். எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டது. கரையில் இறங்கியதும் செல்போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும், போனில் மூன்று மணி என்றால் கப்பலில் நான்கு. வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருந்தார், நாங்கள் எல்லாரும் அதை மட்டுமே பார்த்தோம். உங்கள் கப்பலில் எந்த நேரம் என்று இறங்குவதற்கு முன்னால் கட்டாயம் கேளுங்கள்.

சரி, எந்த டூர்? பட்டியலில் எல்லாரும் பாய்வது ஃபீ ஃபீ தீவு ஸ்பீட்போட் டூர்தான். சின்னக் குழந்தையோடு வேண்டவே வேண்டாம். ஒரு பக்கமே முக்கால் மணிநேரத்துக்கு மேல், அலை இருந்தால் படகு எழும்பி எழும்பி விழும், முன்பக்கம் உட்கார்ந்தால் முதுகெலும்பே அதிரும். நிழல் குறைவு, பல படகுகளில் கழிப்பறை கிடையாது, கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நிறையப் படகுக்காரர்கள் ஏற்றிக்கொள்வதே இல்லை. மே முதல் அக்டோபர் வரை அந்தப் பக்கம் பருவமழை, கடல் கொந்தளிக்கும். அங்கே இருக்கிற புகழ்பெற்ற மாயா விரிகுடாவை பவளப்பாறைகளுக்காக 2018-ல் மூடி 2022-ல் திறந்தார்கள், இப்போதும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடுகிறார்கள், அதற்காகவே போகிறவர்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களோடு வந்த ஒரு கோயம்புத்தூர் குடும்பம் நாலு வயதுப் பிள்ளையோடு போய், திரும்பும்போது அந்தப் பிள்ளை வாந்தியெடுத்து முகம் வெளிறி வந்தது, இரவுச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை.

நாங்கள் எடுத்தது அரைநாள் ஊர்சுற்றல், சலோங் புத்தக் கோவிலும் பழைய புக்கெட் ஊரும். ஏசி பஸ், கனிவான வழிகாட்டி, ஸ்ட்ரோலரை அடியில் வைத்துக்கொண்டார்கள். படோங் மலையில் வளைவுகள் கடுமை, அழகர்கோவில் ரோட்டுக்கே தலைசுற்றுகிற பிள்ளை என்றால் முன்சீட்டு கேளுங்கள். கோவிலில் வேண்டுதல் நிறைவேறியவர்கள் சூளை மாதிரி கட்டியிருக்கிற செங்கல் கூண்டுக்குள் சரவெடி போடுகிறார்கள், சின்னவன் அலறிவிட்டான், காதைப் பொத்தித் தூக்கிக்கொண்டு குளத்துப் பக்கம் போன பிறகுதான் அடங்கினான். பழைய ஊரில் தலாங் ரோட்டில் வரிசையாக வண்ண வண்ண வீடுகள், மகளுக்கு ரொம்பப் பிடித்தது. இதுவரை எல்லாம் நிறைவு.

ஆனால் அரைநாள் டூரில் ஒரு முந்திரிக்கடைக்கும் ஒரு நகைக்கடைக்கும் கூட்டிப்போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. விளம்பரத்தில் அது ‘உள்ளூர்த் தயாரிப்புகள்’ என்று ஒரு வார்த்தையில் முடிந்திருந்தது. பழைய ஊரில் செலவழித்த நேரத்தைவிட இந்த இரண்டு கடைகளில் நின்றது அதிகம். பசியில் குழந்தை அழும்போது நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிறுத்திவைப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி? இறங்கும்போது கருத்துப் படிவத்தில் இதை எழுதிக் கொடுத்தேன். வாங்குவதற்கு முன்னால் டூர் கவுண்டரில், எத்தனை கடையில் நிற்கும், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் என்று நேராகக் கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் அந்த டூரை விட்டுவிடுங்கள்.

அப்படியே பஸ்ஸில் மட்டும் மொத்தம் எவ்வளவு நேரம், எத்தனை படி, வழியில் கழிப்பறை எங்கே, படகு என்றால் குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அஞ்சு மணிநேர டூர் என்றால் அதில் இரண்டு மணிநேரம் பஸ்ஸிலேயே போகும். மறுபடி போனால் நான் புக்கெட்டில் கேப் பன்வாவில் இருக்கிற மீன் காட்சியகத்தைச் சேர்த்த டூர் இருக்கிறதா என்று தேடுவேன், மூடிய கட்டடம், ஒரே இடம், குழந்தைகள் தங்கள் வேகத்தில் பார்க்கலாம். அது கிடைக்காவிட்டால் டூரே வேண்டாம், படோங் மணலில் ஒரு வாளியும் கரண்டியும் போதும். எதையும் எடுக்காமல் கப்பலிலேயே இருப்பதும் நல்ல வழிதான், எல்லாரும் இறங்கிப் போனபின் குழந்தைகள் குளம் காலியாகக் கிடக்கும், அத்தையும் சின்னவனும் முதல் பாதி நாளை அப்படிக் கழித்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

கடல் ஒத்துழைக்காமல் கப்பல் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போவதும் உண்டு. கப்பலில் வாங்கிய டூர் என்றால் அந்தக் காசு திரும்ப வரும். வெளியாட்களிடம் முன்பதிவு செய்கிறவர்கள், கப்பல் வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் காசு கட்டுங்கள்.