டேட்டிங் ஆப்பா, மேட்ரிமோனியா?

டிண்டர் என்ற டேட்டிங் ஆப் 2012-ல் வந்தது. இன்று மதுரைப் பிள்ளைகள் கையிலும் அந்த மாதிரி ஆப்புகள் இருக்கின்றன. சாதி, ஜாதகம் கேட்காமல் முதலில் ஆளோடு பேசிப் பார்க்கலாம் என்பது பெரிய விஷயம். ஆனால் மாதக்கணக்கில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்து, நடுராத்திரி வரை சாட் பண்ணி, கடைசியில் ஒருவர் "நாம என்னவா இருக்கோம்?" என்று கேட்டால், "இப்படியே போகட்டுமே" என்று பதில் வருகிறது. அப்புறம் ப்ளூ டிக் மட்டும்தான். கேட்டவருக்குத் தூக்கம் போச்சு.

மேட்ரிமோனியில் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் பல வீடுகளில் புரொஃபைலை நடத்துவதே அப்பாதான், பொருத்தம் பார்த்து ரெண்டு தடவை போனில் பேசுவதற்குள் மண்டபம் புக் பண்ணலாமா என்று நிற்பார்கள்.

நான் ஆப் பக்கம்தான். ஒரே நிபந்தனை: கல்யாண எண்ணம் உண்டா இல்லையா என்று சீக்கிரமே வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். வேறு மதம் என்றால் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் கல்யாண நோட்டீஸ் திருமணப் பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். வீட்டில் அதற்கு முன்பே பேசியாக வேண்டும்.