காடாகிக் கிடக்கும் அலாட்மென்ட்: குப்பையை அள்ள வேண்டியது யார்?

நான்கு வருடம் காத்திருப்புப் பட்டியலில் இருந்த பிறகு, ஒரு ஜனவரி மாதம் எங்களுக்கு அலாட்மென்ட், அதாவது காய்கறி போட ஒரு வாடகை நிலம், கிடைத்தது. லண்டனின் வடமேற்குப் புறநகரில், ரயில் பாதையை ஒட்டிய நிலம். அதில் அரைத் துண்டு. சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் மண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இடுப்பு உயரத்துக்கு பிளாக்பெரி முள். அதற்குள் ஒரு பக்கமாகச் சரிந்த ஷெட், நொறுங்கிய கண்ணாடிக் கூடம், ஒரு குளியல் தொட்டி, ஒன்பது கார் டயர்கள், சுருட்டியும் சுருட்டாமலும் பழைய கார்பெட்.

"இதையெல்லாம் யார் அள்ளுவது?" என்று கேட்டோம். உள்ளாட்சிக் கவுன்சிலில் ஒரு பதில், தோட்டச் சங்கத்தில் ஒரு பதில், பக்கத்துத் துண்டுக்காரர்களிடம் வேறு வேறு பதில்கள். ஒன்றரை வருடம் அந்த நிலத்தில் உழைத்த பிறகு எனக்கென்று ஒரு பதில் கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தில் அலாட்மென்ட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக. காய்கறி போட்டுக்கொள்ள உள்ளூர் கவுன்சில் வருட வாடகைக்கு விடும் சின்ன நிலம்தான் அலாட்மென்ட். 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மக்கள் கேட்டால் நிலம் ஏற்பாடு செய்து தருவது கவுன்சிலின் கடமை. உள் லண்டனுக்கு மட்டும் அந்தக் கடமை பொருந்தாது. அளவை இன்றும் 'போல்' (pole) என்ற பழைய கணக்கில்தான் சொல்கிறார்கள். முழுத் துண்டு 10 போல், ஏறக்குறைய 250 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஆறே கால் சென்ட். எங்கள் பக்கத்துத் துண்டில் இருபது வருடமாகக் கீரையும் பயற்றங்காயும் போடும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் முதல் நாளே சொன்னார்: "முழுத் துண்டெண்டால் சரியா ஒரு பரப்பு, பிள்ளை. உமக்கு அரைப் பரப்பு." யாழ்ப்பாணத் தோட்டக் காணியில் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு, இங்கே ஏக்கருக்கு 160 போல். கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது.

அந்தக் குப்பை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். யாரோ இரவில் லாரியில் வந்து கொட்டியதாக நினைத்தேன். அப்படி இல்லை. எங்களுக்கு முன் வைத்திருந்தவர் ஒவ்வொன்றையும் ஒரு காரணத்தோடு கொண்டுவந்திருக்கிறார். டயரை அடுக்கி அதற்குள் உருளைக்கிழங்கு வளர்ப்பது ஒரு காலத்தில் இங்கே சர்வசாதாரணம். களை வராமலிருக்க கார்பெட்டை விரிப்பதும் அப்படித்தான். தொட்டி, மழைத்தண்ணீர் பிடிக்க. முழங்கால் தேய்ந்துபோய் அவர் வருவது நின்றது. அப்புறம் வந்தது முள்தான்.

முன்பு வைத்திருந்தவரே அள்ள வேண்டும் என்றால்

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சட்டத்திலும் இடம் உண்டு: 1950-ஆம் ஆண்டு அலாட்மென்ட் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, நிலத்தைச் சீர்கெட விட்டுவிட்டுப் போகும் வாடகைதாரரிடம் நில உரிமையாளர் இழப்பீடு கேட்கலாம். ஆனால் துண்டு காடாவது பெரும்பாலும் முதுமையால், நோயால், ஒரு மரணத்தால். மருத்துவமனையில் கிடப்பவருக்கு டயர் அள்ளச் சொல்லிக் கடிதம் போடுவதா? அந்தக் கடிதத்தில் என் பங்கு இருப்பதை நான் விரும்பவில்லை.

சேரும்போதே 50, 100 பவுண்டு முன்பணம் வாங்கி வைப்பது வேறு விஷயம். அதை ஆதரிக்கிறேன். ஆனால் அது இனி சேருபவர்களிடம் வேலை செய்யுமே தவிர, முப்பது வருடத்துக்கு முன் சேர்ந்தவர் விட்டுப்போனதை அள்ளாது.

கவுன்சில் அள்ளிக் கொடுத்தால்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். நானும் கேட்டேன். "உள்ளது உள்ளபடிதான் தருகிறோம், ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்று பதில் வந்தது. படித்துப் பார்த்தேன், இருந்தது. துண்டு எந்த நிலையில் கைக்கு வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும். அதனால் கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

ஆனாலும் கவுன்சிலுக்குப் பொறுப்பு இல்லை என்று என்னால் ஏற்க முடியாது. ஒரு துண்டு ஒரே நாளில் காடாவதில்லை. வாடகை 40 நாள் பாக்கி என்றாலோ, விதியை மீறினாலோ ஒரு மாத நோட்டீஸில் துண்டைத் திரும்ப எடுக்க 1908 சட்டமே வழி வைத்திருக்கிறது. உடம்பு முடியாதவர் என்றால் நேரில் போய்ப் பேசி, பாதித் துண்டையாவது விட்டுக்கொடுக்கச் சொல்லலாம். யாரும் வந்து பார்க்காமல் மூன்று கோடை ஓடிவிட்டால், அந்த மூன்று கோடைக்கும் பொறுப்பு நிலத்தின் சொந்தக்காரருடையது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவருடையது அல்ல.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை நான் பக்கத்து வரிசையில்தான் பார்த்தேன். அங்கே ஒரு துண்டை முழுசாகச் சுத்தம் செய்ய ஒப்பந்தக்காரரை அனுப்பினார்கள். ஈரக் களிமண் மேல் சின்ன ஜேசிபி ஏறியது. முள்ளோடு சேர்த்து அரை அடி மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சத்தை உழவு இயந்திரத்தால் ஒருமுறை ஓட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் இங்கே கவுச் என்று ஒரு புல் உண்டு. நம் அருகம்புல் போல மண்ணுக்கடியில் வெள்ளை வேர் ஓடும். அதை இயந்திரத்தில் நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. பைண்ட்வீட் என்ற கொடியும் அப்படியே. மே மாதம் அந்த நிலம் முன்பைவிட அடர்த்தியாகப் பச்சைப் பிடித்து நின்றது. மண்ணும் போய், களையும் பெருகி, கவுன்சிலுக்குச் செலவும் ஆகி, யாருக்கும் பயனில்லை. கவுன்சில் அள்ள வேண்டும் என்று கேட்கும்போது எதை அள்ள வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்பது அதனால்தான் முக்கியம்.

நாமே அள்ளினால்

நாங்கள் செய்தது பெரும்பாலும் இதுதான். செலவைச் சொல்கிறேன். எங்கள் வருட வாடகை 55 பவுண்டு. 8 கன கெஜ ஸ்கிப், அதாவது லாரி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் பெரிய இரும்புத் தொட்டி, ஒன்றுக்குக் கேட்ட விலை 310 பவுண்டு. கிட்டத்தட்ட ஆறு வருட வாடகை. அதிலும் டயர் போடக் கூடாது, பெயின்ட் டப்பா கூடாது, ஆஸ்பெஸ்டாஸ் கூடவே கூடாது. டயரை அப்படியே குப்பைக் கிடங்கில் புதைப்பதற்கு 2003-இலிருந்தே தடை; எடுத்துக்கொள்ளும் இடங்களில் டயருக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள்.

ஸ்கிப் கட்டுப்படியாகவில்லை என்று காரில் கொஞ்சம் கொஞ்சமாக மறுசுழற்சி மையத்துக்குக் கொண்டுபோனோம். பதினாலு நடை. அலாட்மென்ட் கழிவை வீட்டுக் குப்பையாக எடுத்துக்கொள்வார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். போகுமுன் கேட்டுவிடுங்கள்; எங்களை ஒருமுறை வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.

கார்பெட்தான் அதிகம் வதைத்தது. மேலே நாலு விரல் மண் மூடி, அதன் மேல் புல் முளைத்து, புல்லின் வேர் கார்பெட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துணி கையோடு வரும். அடிப்பக்கத்து நீல பிளாஸ்டிக் வலை மண்ணிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு இழையாகப் பிய்க்க வேண்டியிருந்தது. "மழை விட்ட அடுத்த நாள் இழுத்துப் பாரும் பிள்ளை, லேசா வரும்" என்றார் பெரியவர். அவர் சொன்னது சரிதான். கத்தியால் ஓரடி அகலப் பட்டையாக வெட்டி, ஈர மண்ணிலிருந்து மெதுவாக உரித்தால் வந்தது. ஆனாலும் இன்றைக்கும் மண் கிளறும் முள்கரண்டியைக் குத்தினால் நீல இழை வருகிறது. பல சங்கங்கள் கார்பெட்டையே தடை செய்திருப்பதன் காரணத்தை என் விரல்கள் அறியும்.

கண்ணாடியும் அப்படித்தான். பெரிய சில்லுகளை ஒரே நாளில் பொறுக்கிவிட்டோம். சின்னச் சில்லுகள் ஒவ்வொரு மழைக்கும் மேலே வரும். என் மகள் அங்கே வெறுங்கையால் மண்ணைத் தொட நான் விடுவதில்லை.

நன்மையே இல்லையா என்றால் இருக்கிறது. முள்ளை நாமே வெட்டினால் எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே மண் கறுப்பாக இருக்கிறது என்று தெரிந்துபோகும். முள்ளுக்குள்ளிருந்து ஒரு நெல்லிக்காய்ச் செடி, இங்கத்துக் கூஸ்பெரி, உயிரோடு கிடைத்தது. இயந்திரம் வந்திருந்தால் அதுவும் போயிருக்கும். ஆனால் எங்களோடு அதே வருடம் காட்டுத் துண்டு வாங்கிய மூன்று பேர் ஆகஸ்டுக்குள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். கார் கிடையாது. "உள்ளபடி தருகிறோம்" என்பது காரும் காசும் முதுகுப் பலமும் உள்ளவருக்கு மட்டும் நிலத்தைத் தருவதாக முடிந்துவிடுகிறது. என் மனம் ஆறாதது அதில்தான்.

வேனில் வந்து அள்ளித் தருகிறோம் என்று குறைந்த விலை சொல்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கழிவு எடுத்துச் செல்பவர் சுற்றுச்சூழல் முகமையில் பதிந்திருக்க வேண்டும். பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். பதியாதவர் கையில் கொடுத்து அவர் எங்காவது சந்தில் கொட்டினால், கொடுத்த நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும். பதிவு எண்ணைப் பாருங்கள், ரசீது வாங்குங்கள்.

சங்கம் கூடி அள்ளினால்

ஊர் கூடித் தேர் இழுப்பது போல. ஒரு சனிக்கிழமை, இரண்டு ஸ்கிப், இருபது பேர், ஆறு துண்டு. எங்கள் ஷெட் மிச்சம் அப்படித்தான் போனது. நாங்கள் இருவரும் மாதக்கணக்கில் தொடப் பயந்ததை நாலு பேர் நாற்பது நிமிடத்தில் பிரித்துவிட்டார்கள். இரும்பைத் தனியாக எடுத்துவைத்துப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்தார்கள். நல்ல பலகைகள் உரத்தொட்டி ஆயின. அன்று வந்தவர்கள்தான் இன்றும் எனக்கு விதை கொடுப்பவர்கள்.

குறை என்னவென்றால் காசு. நிலத்தைக் கவுன்சிலிடமிருந்து குத்தகைக்கு எடுத்துத் தாங்களே நடத்தும் சங்கங்களிடம் வாடகைப் பணம் இருக்கும். அவர்கள் ஸ்கிப்புக்கு ஒதுக்கலாம். வாடகை முழுக்கக் கவுன்சிலுக்குப் போகும் இடத்தில் சங்கத்தின் கையில் டீ, பிஸ்கட்டுக்கு மேல் இருக்காது. அங்கே ஆள் பலம் சங்கத்துடையதாகவும் ஸ்கிப் கவுன்சிலுடையதாகவும் இருந்தால்தான் நடக்கும்.

ஆஸ்பெஸ்டாஸுக்கு மட்டும் இது எதுவும் பொருந்தாது. ஷெட் கூரையில் சாம்பல் நிற நெளி தகடு இருந்தால் கை வைக்காதீர்கள். இங்கே எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் 1999-க்குள் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய ஷெட் என்றால் சந்தேகப்பட வேண்டும். உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம். படம் எடுத்து நில உரிமையாளருக்கு எழுதுங்கள். அதை அவர்களே அகற்ற வேண்டும் என்று கேளுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

எங்கே கோடு போடுவது

மண்ணிலிருந்து முளைத்தது எதுவோ அது புதிதாக வருபவர் பொறுப்பு. முள், புல், கொடி எல்லாம். அதை மெதுவாக, கையால் எடுப்பதுதான் நிலத்துக்கும் நல்லது. வண்டியில் வந்தது எதுவோ அது நில உரிமையாளர் பொறுப்பு. டயர், தொட்டி, கார்பெட், கண்ணாடி எல்லாம் வண்டியிலேயே திரும்பிப் போக வேண்டும், சாவி கைமாறும் முன் அல்லது அந்த மாதத்துக்குள். ரொம்ப முன்னாலேயே அள்ளினாலும் ஆள் வருவதற்குள் களை மூடிவிடும்.

இந்தக் கோட்டை எந்தக் கவுன்சிலும் தானாகப் போட்டுத் தராது. அதனால் கையெழுத்துக்கு முன்பே நிலத்தை நாலு மூலையிலிருந்தும் படம் எடுத்து, தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். நாளைக்கு நீங்கள் விட்டுப் போகும்போது அந்தக் குப்பை உங்கள் கணக்கில் ஏறக் கூடாது. ஸ்கிப் என்றைக்கு வரும் என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்கிப் இல்லை என்றால் முதல் வருட வாடகையைத் தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள். எங்களுக்குப் பாதி தள்ளுபடி செய்தார்கள். முதல் வருடத்தில் இவ்வளவு பங்கு பயிராகியிருக்க வேண்டும் என்ற விதி இருந்தால், குப்பை போன நாளிலிருந்து அதைக் கணக்கிடச் சொல்லுங்கள். கால் பங்கைத் திறந்து உருளைக்கிழங்கு போட்டு, மீதியைக் கறுப்பு விரிப்பால் மூடி வைத்தால் முதல் வருடத்துக்குப் போதும்.

முள் வெட்டுவதை பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். குஞ்சு இருக்கும் கூட்டைக் கலைப்பது 1981 வனவுயிர்ச் சட்டப்படி குற்றம்.

எங்களுக்கு இடப்பக்கத் துண்டு இந்த இலையுதிர் காலத்தில் காலியாகிவிட்டது. இரண்டு குளியல் தொட்டிகள், எண்ணிப் பார்த்ததில் ஆறு டயர்கள். பட்டியலில் அடுத்து இருப்பது கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. படங்களோடு கவுன்சிலுக்கு எழுதினோம். ஒரு ஸ்கிப் தருவதாக இந்த முறை எழுத்தில் பதில் வந்திருக்கிறது. பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. பெரியவர் கடப்பாரை கொண்டுவருகிறார், நான் கார்பெட் வெட்டும் கத்தி.