ஷே என்ஜின் மாடல் வாங்கப் போகிறீர்களா? வலப்பக்கப் படத்தைக் கேளுங்கள்

போன மாதம் 260 டாலர் கொடுத்து, காட்டு மரங்களை இழுத்த ஷே என்ற நீராவி ரயில் என்ஜினின் பழைய மாடல் ஒன்றை வாங்கி ஏமாந்துவிட்டேன். ஹெச்ஓ அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு), மூன்று போகி (அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்). மேற்கு வர்ஜீனியாவில் காஸ் மலை ரயிலில் போனபோது, 1945-இல் லைமா என்ற என்ஜின் ஆலை கட்டிய கடைசி ஷேயைப் பார்த்ததிலிருந்து இருந்த ஆசை அது.

"பெட்டியை விட்டு எடுத்ததே இல்லை, ஒருமுறைகூட ஓட்டவில்லை" என்று விற்றவர் எழுதியிருந்தார். ஆறு படங்கள் போட்டிருந்தார். எல்லாமே இடப்பக்கத்திலிருந்து எடுத்தவை. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஷேக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. மிச்சிகனில் மரத் தொழில் செய்த எஃப்ரைம் ஷே 1881-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. சிலிண்டர்கள் வலப்பக்கத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும். அந்த எடைக்கு ஈடாகப் பாய்லர் இடப்பக்கம் தள்ளியிருக்கும். நீளமான தண்டு ஒன்று வலப்பக்கமாகவே ஓடி, சக்கரங்களின் முகப்பில் உள்ள பற்சக்கரங்களைச் சுழற்றும். எல்லாச் சக்கரமும் சேர்ந்து இழுப்பதால்தான் செங்குத்தான காட்டுப் பாதையில் மரக்கட்டைகளோடு ஏறியது. இடப்பக்கம் பார்த்தால் இதில் எதுவும் தெரியாது.

பார்சல் வந்தது. பின் போகிக்குப் போகும் தண்டையே காணோம். சரி, தேடி மாட்டிக்கொள்ளலாம் என்று தண்டவாளத்தில் வைத்து மெதுவாக ஓட்டினேன். டிக், டிக் என்று தட்டியது. அப்புறம் அடித்தட்டைக் கழற்றினேன். அச்சுகளில் இருந்த ஆறு பிளாஸ்டிக் பற்சக்கரங்களில் நான்கு வெடித்திருந்தன. இரும்பு அச்சில் இறுக்கிச் செருகிய பிளாஸ்டிக், ஓட்டாமல் பெட்டியிலேயே கிடந்தாலும் வருடக்கணக்கில் இழுபட்டு விரிசல் விடும். அதனால் "ஓட்டவே இல்லை" என்பது எந்த உத்தரவாதமும் இல்லை.

விரிசல் விற்றவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். தண்டு இல்லாதது தெரியாமலா ஆறு படத்தையும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தார்? கேட்டதற்கு, "பழைய பொருள், திருப்பி வாங்குவதில்லை" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு பதிலே இல்லை.

பணம் அனுப்புமுன் வலப்பக்கப் படமும் அடிப்பக்கப் படமும் கேளுங்கள். மிக மெதுவாக ஓட்டி, சத்தத்தோடு எடுத்த வீடியோவும் கேளுங்கள். சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். ஷே போலவே தண்டும் பற்சக்கரமும் வைத்து ஓடும் கிளைமாக்ஸ், ஹைஸ்லர் என்ஜின்களின் மாடல்களில் தண்டு நடுவில் அடியில் ஓடுவதால், அவற்றுக்கு அடிப்பக்கப் படம்தான் முக்கியம்.

பற்சக்கரங்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன். மூன்று போகி ஷேயின் பின் தண்டு யாரிடமாவது உபரியாக இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.