குரூசேடர் கிங்ஸ் 3: தஸ்கனியின் மெட்டில்டாவாக ஆடினால்

1115 ஜூலையில் இத்தாலியின் தஸ்கனிப் பகுதியை ஆண்ட மெட்டில்டா இறந்தபோது அவருக்கு வாரிசு இல்லை. இரண்டு திருமணங்கள் செய்தும் கைக்குழந்தையாகவே இறந்துபோன ஒரு மகளோடு அவரது கனோசா குடும்பம் நின்றுபோனது. அவர் விட்டுச்சென்ற நிலங்களுக்காகப் போப்புகளும் பேரரசர்களும் நெடுங்காலம் மோதிக்கொண்டார்கள். பாரடாக்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'குரூசேடர் கிங்ஸ் 3', ஓர் இடைக்கால அரச வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்தும் கேம். அதில் தொடக்க ஆண்டாக 1066ஐத் தேர்ந்தெடுத்து மெட்டில்டாவாகத் தொடங்கினால் நம் தலையில் விழுவதும் அதே சிக்கல்தான். படை, கஜானா எல்லாவற்றுக்கும் முன்னால் கல்யாணத்தைப் பாருங்கள்.

திருமண ஜன்னலில் 'மேட்ரிலீனியல்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால் பிள்ளைகள் தாயின் வம்சத்தில் சேர்வார்கள். நம் ஊர்க் கணக்கில் வீட்டோடு மாப்பிள்ளை எடுப்பது போல. டிக் செய்யாமல் பெரிய இடத்து ராஜாவைக் கட்டிக்கொண்டால் கூட்டணி பிரமாதமாக இருக்கும், பிள்ளையும் இரண்டு நாட்டையும் ஆள்வான். ஆனால் அவன் அப்பாவின் வம்சம். மெட்டில்டா கண்ணை மூடும்போது உங்கள் வம்சத்தில் பட்டத்துக்கு வர வேறு யாரும் இல்லையென்றால் ஆட்டம் அதோடு முடிந்தது. ஒரே சேவ் மட்டும் உள்ள அயர்ன்மேன் முறையில் ஆடினால் பழைய நிலைக்குத் திரும்பவும் வழியில்லை. இவ்வளவு கனமான முடிவுக்கு இன்னும் பெரிய எச்சரிக்கை வைத்திருக்க வேண்டும். வடிவமைப்பில் எனக்குள்ள முதல் குறை இதுதான்.

பட்டத்து இளவரசர்களும் ஆளும் மன்னர்களும் இந்த ஏற்பாட்டுக்கு லேசில் சம்மதிக்க மாட்டார்கள். சம்மத அடையாளத்தின் மேல் மவுசை வைத்தால் கூட்டல் கழித்தல் கணக்கு முழுக்க விரியும். தாய்வழித் திருமணத்துக்கு விழும் பெரிய கழித்தலை அங்கேயே பார்க்கலாம். ஆகவே பட்டம் கிடைக்காத இளைய மகன்களைத் தேடுங்கள். முதலில் ஜீனியஸ், ஹெர்குலியன் போன்ற பிறவிக் குணங்கள், பிறகு நிர்வாகத் திறன், கடைசியாகத்தான் கூட்டணி. துணையின் திறனில் ஒரு பங்கு ஆட்சியாளருக்கும் சேரும் என்பதால் ஸ்டீவர்ட்ஷிப் (நிர்வாகத் திறன்) கூடிய மாப்பிள்ளை வரவைத் தூக்கிவிடுவார்.

பலர் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். கத்தோலிக்க நம்பிக்கையில் பெண்கள் நைட் (படையில் முன்னின்று சண்டையிடும் வீரர்) ஆக முடியாது. ஆனால் உங்கள் அரண்மனைக்கு வந்துவிட்ட கணவர் வாள்வீச்சில் கெட்டிக்காரர் என்றால் கேமே அவரை நைட் பட்டியலில் போட்டுவிடும். முதல் சண்டையிலேயே செத்தாலும் சாவார். போர் அறிவிக்கும் முன் பட்டியலைத் திறந்து அவரைத் தடை செய்யுங்கள். ஆட்சியாளரின் ஆலோசகர் குழுவான கவுன்சிலிலும் இதே தடைதான்: உளவுத் தலைமைக்கு மட்டும் பெண்களை அமர்த்தலாம், மற்ற இருக்கைகளுக்கு ஆண்களைத்தான் தேட வேண்டும். நாட்டையே ஒரு பெண் ஆளும்போது திறமையான இன்னொரு பெண்ணுக்குக் கணக்குப் பார்க்கும் வேலைகூடத் தர முடியாதது உறுத்துகிறது. காலத்துக்குப் பொருத்தம்தான், மறுக்கவில்லை.

பிள்ளைப்பேறு 45 வயதோடு நின்றுவிடும், அதற்கு முன்பே வாய்ப்பு குறைந்துகொண்டு வரும். தொடக்கத்தில் மெட்டில்டாவுக்கு இருபதை ஒட்டிய வயது என்பதால் ஆண் ஆட்சியாளர்களைப் போலக் கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியாது. பிரசவத்திலேயே இறக்கும் ஆபத்தும் உண்டு. ஆட்சியாளரின் வாழ்க்கைப் பாதைகளில் டிப்ளமசியில் (ராஜதந்திரம்) குடும்பத்துக்கான ஃபோகஸை முதலில் எடுத்து, பிள்ளைகள் பிறந்தபின் லேர்னிங்கில் (கல்வி) 'ஹோல் ஆஃப் பாடி' கிளைக்கு மாறினால் ஆயுளும் நீளும். மகன்கள் அதிகமானால் வேறு தொல்லை: பாகப்பிரிவினையில் கவுண்டிகள் (நீங்கள் ஆளும் சிறு நிலப்பகுதிகள்) சிதறும். இரண்டு மூன்று பிள்ளைகளோடு பிரம்மச்சரியம் ஏற்கும் முடிவை எடுப்பது நல்லது. பிள்ளைகளின் எண்ணிக்கை தன் கையிலேயே இருப்பது பெண் ஆட்சியாளருக்கு உள்ள பெரிய அனுகூலம். மகள்தான் வாரிசு என்றால் அவள் கல்யாணத்திலும் அந்தப் பெட்டியை மறக்காதீர்கள்.

வாரிசுரிமையில் ஆணும் பெண்ணும் சமம் என்ற சட்டம் கத்தோலிக்கராக இருக்கும்வரை பொதுவாகக் கிடைக்காது. ஐபீரியப் பண்பாடுகளுக்கு விசிகோதியச் சட்டம் என்ற குறுக்குவழி உண்டு. இல்லையென்றால் ஏராளமான பயட்டி (பக்திப் புள்ளிகள்) சேர்த்துப் புது நம்பிக்கையைத் தொடங்க வேண்டும். அல்லது கேம் விதிகளில் பாலினச் சமத்துவத்தைத் தொடக்கத்திலேயே மாற்றிவிடலாம். முதல் ஆட்டத்துக்கு மாற்றாமல் ஆடுவதையே பரிந்துரைக்கிறேன். மெட்டில்டாவின் இக்கட்டு அப்போதுதான் உறைக்கும்.

பயட்டியை வேறு விதத்திலும் செலவிடலாம். போப்பிடம் பொன் கேட்கலாம், பட்டங்களுக்கு உரிமை கேட்கலாம், எதிரியைச் சபையிலிருந்து விலக்கச் சொல்லலாம். 1077இல் ஜெர்மன் மன்னர் நான்காம் ஹென்றி, போப் ஏழாம் கிரிகோரியிடம் மன்னிப்புக் கேட்டு மூன்று நாள் பனியில் நின்றது மெட்டில்டாவின் கனோசாக் கோட்டை வாசலில்தான். இந்தப் பாதையில் ஆடும்போது கேமும் வரலாறும் அழகாகப் பொருந்துகின்றன.

இதை முடித்துவிட்டு வேறு அரசி வேண்டுமென்றால் தொடக்க ஆண்டு 867இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஹவுசா நாட்டு அரசி தவுரமாவைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கத்தோலிக்கத் தடைகள் கிடையாது.