வேலி, கரை, களம்: மலையகச் சிறு நகரத்துக்கு எந்தப் பொதுவெளி பொருந்தும்?

இலங்கை மலையகத்திலுள்ள எங்கள் டவுனில் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலம் சும்மா கிடக்கிறது. மேலே கோவில், கீழே ஓடை, நடுவில் மானாப்புல்லும் உடைந்த போத்தல்களும். அதைப் பொதுமக்களுக்கான இடமாக்கலாம் என்று பேச்சு எழுந்த நாளிலிருந்து ஊர் மூன்று பக்கமாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு பக்கத்துக்கு நுவரெலியா விக்டோரியா பூங்கா போல வேலியும் பூப்பாத்தியும் வேண்டும். இன்னொரு பக்கத்துக்குக் கண்டி வாவிக்கரை போல ஓடையோரம் ஒரு நடைபாதை வேண்டும். மூன்றாவது பக்கம், இடத்தைச் சீர்செய்து திறந்த களமாக விட்டால் போதும் என்கிறது. சாலையோரக் கான் (வடிகால்) முதல் சந்தைக் கூரை வரை வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஆகவே மூன்று தரப்பும் என் மேசைக்கு வந்தன. நான் மூன்றாவது பக்கம்தான். ஆனாலும் மற்ற இரண்டையும் நேரில் போய்ப் பார்த்து, அளந்து, உட்கார்ந்து யோசித்த பிறகே அந்த முடிவுக்கு வந்தேன்.

முதலில் விக்டோரியா பூங்கா. ஹக்கலை தாவரவியல் பூங்காவின் ஆய்வு நிலமாக இருந்த இடம் அது. விக்டோரியா மகாராணி ஆட்சிக்கு வந்து அறுபது ஆண்டுகள் நிறைந்த 1897இல் அவருடைய பெயரைப் பெற்றது. ஹக்கலைத் தோட்டமே 1861இல் சின்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காகத் தொடங்கப்பட்டதுதான். மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைன் அந்த மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. ஆக, இன்று நாம் அழகு என்று ரசிக்கும் மலையகப் பூங்காக்களின் வேர் பயிர் ஆய்வில் இருக்கிறது. வரிசையாக நடுவது, பெயர்ப்பலகை வைப்பது, வேலி போடுவது எல்லாம் அந்தத் தேவையிலிருந்து வந்த பழக்கங்கள். அவற்றைக் காரணம் மறந்து அப்படியே நகல் எடுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆனால் அந்தப் பூங்காவில் நான் தலை வணங்கும் ஒன்று இருக்கிறது. ஜனவரி மாதத்து ஒரு காலை, புல்லில் பனி வெள்ளையாக உறைந்திருந்த நேரம், பின்பக்கப் புதரோரம் நின்றுகொண்டிருந்தேன். ஈரச் சருகுகளுக்கு நடுவே ஏதோ கிளறும் ஓசை. குனிந்து பார்த்தால் ஓர் ஆறுமணிக்குருவி, பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக, சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருந்தது. இந்தியாவிலிருந்து குளிர்காலம் கழிக்க வரும் பறவை அது. காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அதே பருவத்தில் அங்கே வருகிறது. அவற்றைப் பார்க்கவே உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் அந்தச் சிறிய நகரப் பூங்காவுக்கு வருகிறார்கள். அவை தேடி வருவது பூப்பாத்தியை அன்று. அடர்ந்த புதர், நனைந்த மண், கூட்டிப் பெருக்காத சருகு ஆகிய மூன்றும் பூங்காவின் ஓரங்களில்தான் மிஞ்சியிருக்கின்றன. பூங்கா கேட்பவர்கள் இந்த ஓரங்களைக் கேட்டிருந்தால் நானும் அவர்கள் பக்கம் சாய்ந்திருப்பேன். அவர்கள் கேட்பது நடுவிலுள்ள பாத்தியை.

அதைவிடப் பெரிய சிக்கல் கேட். திட்டத்தைப் பற்றிக் கோவிலடியில் பேசிக்கொண்டிருந்தபோது, தோட்டத்திலிருந்து வந்திருந்த ஓர் அக்கா கேட்டார்: “தம்பி, விடிந்ததும் மலைக்குப் போகிறோம். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு இறங்கும்போது ஐந்து மணி ஆகிவிடுகிறது. உங்கள் பூங்காக் கேட் எத்தனை மணி வரை திறந்திருக்கும்?” எனக்குப் பதில் வரவில்லை. டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஐந்து மணிக்குப் பூட்டும் பூங்கா தேயிலை மலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பூங்கா. நுவரெலியாவுக்கு ஏப்ரல் வசந்த காலத்தில் நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள், அங்கே டிக்கெட் வருமானத்தில் தோட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம். எங்கள் டவுனுக்கு அப்படி யார் வரப் போகிறார்கள்? வருமானம் இல்லாத பூங்காவில் முதலில் தோட்டக்காரர் நின்றுபோவார், பிறகு பூ நின்றுபோகும், கடைசியில் வேலியும் பூட்டும்தான் மிஞ்சும். பக்கத்து ஊர் ஒன்றில் இது என் கண் முன்னாலேயே நடந்தது. நிலம் முழுவதும் இன்டர்லொக் கல் பதித்தார்கள். மேட்டுப் பக்கத்தில் கான் வெட்டவில்லை. முதல் பெருமழையில் கோவில் சரிவின் நீர் முழுவதும் கல்லுக்கு அடியில் புகுந்து மணலை அரித்துக்கொண்டு போனது. இன்று அந்தத் தரை அலை அலையாகக் கிடக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் எந்தப் பொதுவெளியும் முதலில் நீரோடு செய்துகொள்ளும் ஓர் உடன்பாடு. தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்கே சற்றே சாய்த்து வெட்டிய கான்கள், அவை போய்ச் சேரும் பெரிய கான், வழியில் மண் தங்குவதற்குச் சின்னச் சின்னக் குழிகள். நூற்றைம்பது வருடங்களாகக் கான் வெட்டிய கைகள் நம்முடையவை. இருந்தும் டவுனுக்குள் வந்தவுடன் கானை மூடி, சுவரை எழுப்பி, நீரை மறந்துவிடுகிறோம். தாங்குசுவர் கட்டினால் பின்னால் சரளைக்கல் நிரப்ப வேண்டும், சுவரில் நீர் வடியத் துளை விட வேண்டும். இல்லையென்றால் மண்ணின் பாரத்தோடு நீரின் பாரமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியதை நாம் மறக்கக் கூடாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள நிலங்களை வரைபடமாக்கி வைத்திருக்கிறது. பூச்செடிப் பட்டியல் போடுவதற்கு முன் அந்த வரைபடத்தை விரிக்க வேண்டும். கம்பி வலைக்குள் கருங்கல் அடுக்கிய சுவரும், சரிவில் வெட்டிவேரும் எங்கள் நிலத்துக்குப் போதும். கல்லடுக்கு நீரைத் தன் ஊடாக வழிய விடும், வெட்டிவேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும்.

இனி வாவிக்கரை. மலையகத்தில் பொதுவெளி என்றதும் பலருடைய மனத்தில் வருவது கண்டிதான். 1807இல் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் தலதா மாளிகைக்கு முன்னிருந்த வயல் நிலத்தில் அணை கட்டி அந்த வாவியை எழுப்பினான். நாயக்கர் வழிவந்த அவனை 1815இல் ஆங்கிலேயர் பிடித்து, பிறகு வேலூருக்கு அனுப்பினார்கள். வாவியைச் சுற்றியுள்ள மேகச் சுவர் முடிக்கப்படாமலே நின்றுவிட்டது. அந்தச் சுவரை அருகில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேல் விளிம்பு அலையலையாக ஓடும், உடலில் முக்கோணத் துளைகள் இருக்கும், திருவிழா இரவில் அவற்றில் விளக்கு வைக்கலாம். தடுப்பு, அழகு, வெளிச்சம் என்று மூன்று வேலையை ஒரே சுவர் செய்கிறது. இன்று நாம் தனித்தனியாகக் கம்பி வேலி, அலங்காரச் சிற்பம், மின்கம்பம் என்று மூன்று பில் போடுகிறோம். நகர வடிவமைப்புப் பாடம் அங்கே வெள்ளைச் சுண்ணாம்பு பூசி நிற்கிறது.

ஆனால் கண்டிக்கரை கண்டியில்தான் பொருந்தும். அது ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் உண்டு, பெரிய மரங்களின் நிழலில் உட்கார்வது சுகம். கரையைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம். ஒரு பக்கம் வாகன இரைச்சல் நடையைக் கெடுத்தாலும் மறுபக்கம் நீரின் விரிவு அதை ஈடுசெய்கிறது. எங்கள் ஓடையின் அகலம் ஆறு அடி.

நுவரெலியாவின் கிரகரி வாவி இன்னொரு வகைப் பாடம். 1870களில் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் சதுப்பு நிலத்தில் ஓடையை மறித்து உருவானது. ஒரு காலத்தில் மின்னுற்பத்திக்கும் அதன் நீர் போனது. இப்போது படகு, குதிரை, உணவுக்கடை எல்லாம் கரையில் இருக்கின்றன. சுற்றிலும் மரக்கறித் தோட்டங்கள் உள்ள சரிவுகளிலிருந்து வண்டல் இறங்கி வாவியை நிரப்புவதைக் கரையில் நடப்பவர் யோசிப்பதில்லை. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபோது டவுனின் காலடிக்கே நீர்த்தேக்கம் வந்து சேர்ந்தது. அங்கும் கரை நடை என்ற ஆசை இயல்பானதுதான். ஆனால் மின்சாரத்துக்காக நீர்மட்டம் ஏறி இறங்கும் தேக்கத்தின் ஓரத்தில் எப்போதும் ஒரு சேற்றுப் பட்டை இருக்கும். பாதையை அதற்கு மேலே, எட்டிப் பார்க்கும் தூரத்தில் வைக்க வேண்டும். நீர்க்கரை வேண்டும் என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: நீரின் பக்கத்தில் நடக்க விரும்புவதற்கு முன், அது மேலிருந்து எதைச் சுமந்து வருகிறது என்று பாருங்கள். எங்கள் ஓடைக்கு நடைபாதை தேவையில்லை. இருபுறமும் பத்துப் பத்து அடி இடமும் ஆறுமணிக்குருவிக்கு ஏற்ற புதரும் கொடுத்தால் அதுவே பெரிய மரியாதை.

மூன்றாவது, களம். இதை எளிய தெரிவு என்று நினைப்பவர்கள் உண்டு, பணமில்லாதவர்களின் ஆறுதல் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது நம் சொந்த மரபு. தோட்டத்தில் நமக்கென்று இருந்த திறந்தவெளி எது? காலையில் பேர் போடும் பெரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்றில், கோவில் வாசல், லயத்துக்கும் லயத்துக்கும் இடையிலான முற்றம். பெரட்டுக்களம் கட்டளைக்காக உண்டானது. அதே மண்ணில்தான் மாசியில் காமன் கூத்துக்கான கம்பம் ஊன்றினோம், விடிய விடியக் கூத்தாடினோம், பிள்ளைகள் மாலையில் கிரிக்கெட் விளையாடினார்கள். ஓர் இடம் காலையில் ஒன்றாகவும் இரவில் வேறொன்றாகவும் இருக்க முடிந்ததற்குக் காரணம் அதன் நடு வெறுமையாக இருந்ததுதான். நடுவில் ஒரு நீரூற்றை வைத்துவிட்டால் கூத்துக்கு இடமேது?

இதில் ஒரு பழைய மனக்குறையும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, சபைகளின் பணம் தோட்டங்களுக்குள் தாராளமாகப் போக வழியில்லாமல் இருந்தது. வரைபடத்தில் தோட்டம் ஊருக்குள் இருந்தது, வசதி என்று வரும்போது ஊருக்கு வெளியே நின்றது. அதனால்தான் டவுனில் அமையும் ஒரு பொதுவெளி தோட்டத்து மக்களுக்கும் முழு உரிமையோடு திறந்திருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

களம் என்றால் மண்ணை மட்டமாக்கிவிட்டுப் போவதன்று. நூறடிக்கு ஓரடி என்ற அளவில் ஓடைப் பக்கம் சாய்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாது, நீருக்குத் தெரியும். மேட்டுப் பக்கம் கோவிலடியில் ஒரு திறந்த கான். களத்துக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடையிலுள்ள மூன்று மீட்டர் உயர வித்தியாசத்தை அகலமான படிகளாக்கினால் அதுவே கூத்துப் பார்க்கும் இருக்கை. கொழுந்துக் கூடை சுமந்து பழகிய முழங்கால்களுக்காக ஒவ்வொரு படியும் 15 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சாய்வுப் பாதை. மூன்று மீட்டர் ஏற 36 மீட்டர் நீளம், இடையிடையே இளைப்பாறும் தட்டுகள் வேறு. ஒரு ஏக்கரில் அது நிறைய இடம் தின்னும். தின்னட்டும்.

வாங்குகள் எங்கே என்பதில்தான் நண்பர்களோடு அதிகம் வாதிட்டேன். நம் மொழியில் பொது இடம் என்றாலே ஆலமரத்தடி, நிழல். அது சமவெளியின் ஞானம். 1,200 மீட்டருக்கு மேலே, மழையும் மூடுபனியுமாக மாதக்கணக்கில் போகும் ஊரில் மனிதர் தேடுவது வெயிலை. காலை எட்டு மணிக்கு எங்கள் டவுனில் பாருங்கள்: பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் தரிப்பிடக் கூரையை விட்டு வெளியே வந்து, வெயில் விழும் ஒற்றைச் சுவரோரம் வரிசையாக நிற்பார்கள். வயதானவர்கள் முதுகை அந்தச் சுவரில் சாய்த்திருப்பார்கள். ஆகவே வாங்குகள் கிழக்கு நோக்க வேண்டும், பின்னால் காற்றைத் தடுக்கும் கல்சுவர் வேண்டும், பெரிய மரங்கள் மேற்கு ஓரத்தில் மட்டும் வேண்டும். நிழலும் ஈரமும் சேர்ந்தால் படியில் பாசி பிடிக்கும், பாசிப் படியில் விழுந்த எத்தனை பேரை நமக்குத் தெரியும்! மழைக்காக ஒரு நீண்ட தாழ்வாரம், தரிப்பிடத்தோடு ஒட்டி.

இவ்வளவும் என் மூளையில் உதித்தவை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களில் வட்டபுளுவ வீட்டுத் திட்டத்துக்கு வரைபடம் போடுமுன், அங்கே குடியேறப் போகிறவர்களிடம் வினாத்தாள் கொடுத்துக் கேட்டார். அவர்களின் வாழ்க்கை முறைக்கேற்ப வீட்டு வகைகளை அமைத்தார். அந்த முறையைத்தான் நானும் பின்பற்றினேன், தாளுக்குப் பதிலாகக் கோவிலடியில் உட்கார்ந்து. பூ வேண்டும் என்று கேட்ட பெண்கள் குறைவு. பலரும் கேட்டவை: பூட்டாத மலசலகூடம், படிகளில் இரவு வெளிச்சம், சாமான் மூட்டையை இறக்கி வைக்க இடுப்பளவு உயரத்தில் ஒரு திண்ணை. ஒரு பெரியவர் காமன் கம்பத்துக்கு இடம் கேட்டார்.

வரைபடத்தில் களத்தின் வடகிழக்கு மூலையில் இரண்டடி விட்டத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். அதற்குள் கல்லும் சீமெந்தும் வரக்கூடாது என்று ஓரத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். மாசியில் கடப்பாரை இறங்குவதற்கு அங்கே வெறும் மண் இருக்கும்.