பிரேக் பைப்புக்கு வைஸில் பூட்டும் ஃப்ளேரிங் கருவி: கிட் கார் கட்டுபவர்களுக்கு

பிரேக் லைனை நாமே வெட்டி வளைத்துப் போட வேண்டிய கிட் காருக்கு (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்), மலிவான பட்டைக் கிளாம்ப் செட்டைவிட வைஸில் பூட்டும் இந்த ஃப்ளேரிங் கருவி எவ்வளவோ மேல். 4.75 மி.மீ. காப்பர்-நிக்கல் பைப்பில் ஃப்ளேர் (கசியாமல் அமர விரித்த பைப் முனை) கோணாமல் வருகிறது. ஸ்டீல் பைப்பிலும் முடியும், கைதான் வலிக்கும்.

ரம்பம் வேண்டாம், பைப் கட்டரால் வெட்டி உள்விளிம்புப் பிசிறை எடுத்துவிடுங்கள். ஃப்ளேர் போடுமுன் நட்டைக் கோத்துக்கொள்ளுங்கள் (இதை ஒருமுறையாவது மறக்காதவர் யார்?). பைப்பை டையில் (கருவியின் பிடி அச்சு) இறுக்கி, முதல் பஞ்ச் (முனையை அழுத்தும் துண்டு) கொண்டு அழுத்தினால் குமிழ் ஃப்ளேர். அதையே இரண்டாவது பஞ்ச் கொண்டு உள்ளே மடித்தால் 45 டிகிரி டபுள் ஃப்ளேர். எம்10 × 1 (மெட்ரிக் மரை) நட்டுகளுக்குப் பெரும்பாலும் குமிழ், 3/8 அங்குல யு.என்.எஃப். (அங்குல நுண்மரை) நட்டுகளுக்கு டபுள், ஆனாலும் பிரேக் சிலிண்டர் துளைக்குள் ஃப்ளேர் போய் அமரும் இடம் எந்த வடிவம் என்று பார்த்தே முடிவெடுங்கள். மாற்றிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

டையில் எண்ணெய் பட்டால் பைப் வழுக்கி ஃப்ளேர் சாயும். பஞ்ச் முனையில் மட்டும் ஒரு சொட்டு விடுங்கள். கூடவரும் விளக்கத்தாள் படுமோசம். துண்டுப் பைப்பில் நாலைந்து ஒத்திகை அவசியம். பெரிய குறை, சேஸியில் மாட்டிய பைப்பில் இது நுழையாது. வளைவைக் கம்பியில் அளவெடுத்து, இரு முனையையும் மேசையிலேயே முடித்தாக வேண்டும்.