‘1885 ரயில் ஆல்பம்’ என்று காட்டினால் உடனே காசை எடுக்காதீர்கள்

போன மாதம் கண்டியில் பழைய பொருட்கள் விற்கும் ஒருவரிடம் 48,000 ரூபாய் கொடுத்து ஒரு போட்டோ ஆல்பம் வாங்கினேன். மலைநாட்டு ரயில் பயணம், 1885, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வீட்டில் இருந்து வந்தது என்றார். அப்பா பட்டிப்பொலப் பக்கம் தண்டவாள வேலை பார்த்தவர். அவருடைய 75ஆவது பிறந்தநாளுக்குக் கொடுக்கத்தான் வாங்கினேன்.

தோல் அட்டை நிஜமாகவே பழையது. முதல் இரண்டு படங்களும் அப்படித்தான். அந்தக் காலத்தில் முட்டை வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாளில் படம் எடுத்துத் தடித்த அட்டையில் ஒட்டுவார்கள். அதே தாள், அதே மினுமினுப்பு, ஓரங்களில் மஞ்சள். கடுகண்ணாவைப் பக்கம் மலையை ஒட்டிப் போகும் பாதை. பார்த்ததும் மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. மற்றப் பக்கங்களை அவரே வேகமாகப் புரட்டினார். “தாள் பழசு தம்பி, கை பட்டால் உடையும்” என்றார். நானும் சரி என்று நம்பினேன்.

வீட்டில் அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஒன்பதாவது பக்கத்தில் கை நின்றது. “மகன், இது தெமோதரைப் பாலம். 1885ல கோச்சி நானுஓயா வரைக்கும்தான் வந்திச்சு.”

உண்மைதான். நானுஓயாவைத் தாண்டி, அந்தப் பாலத்துக்கு முன்னால் வரும் பண்டாரவளைக்கே பாதை 1894இல்தான் வந்தது. ஒன்பது வளைவுப் பாலம் என்று சொல்லும் அந்தத் தெமோதரைப் பாலம் கட்டி முடிந்தது 1921இல். ஆனால் படத்துக்குக் கீழே சாய்ந்த எழுத்தில் 1885 என்று மையால் எழுதியிருந்தது.

அப்புறம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டையும் தவிர மீதி 22 படங்களிலும் பொடிப்பொடியாக மைப்புள்ளிகள். வெள்ளைக்கருத் தாள் படத்தில் அப்படிப் புள்ளி இருக்காது. நிழலும் வெளிச்சமும் ஒன்றில் ஒன்று கரைந்துதான் தெரியும். இவை பிரின்டரில் எடுத்த நகல்கள். முகர்ந்து பார்த்தால், பழசாகக் காட்டப் பூசிய தேயிலைச் சாய வாசம்.

விற்றவருக்குப் போன் எடுத்ததும், கைமாறி வந்த சாமான், தனக்குத் தெரியாது என்றார். அதன்பிறகு எடுக்கவே இல்லை. பற்றுச்சீட்டில் ‘பழைய ஆல்பம் 1’ என்று மட்டும்தான் இருக்கிறது. வருடமும் இல்லை, அசல் என்ற சொல்லும் இல்லை. அதை எழுதி வாங்காதது என் பிழை.

இந்தப் பாதையில் உழைத்த நம் ஆட்களின் படம் எத்தனை வீட்டில் இருக்கிறது? ஒரு படமாவது கிடைக்காதா என்று தேடுகிறோம். அந்த ஆசையை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். எனக்கு அதுதான் காசை விட வலிக்கிறது.

நேற்று நுவரெலியாவில் இருக்கும் நண்பர் ஒரு படம் அனுப்பினார். விலைக்கு வந்திருக்கும் இன்னொரு ஆல்பம். அதே பாலம், அதே சாய்ந்த எழுத்து. நடுப்பக்கங்களை நீங்களே திறந்து, பூதக்கண்ணாடியில் பார்க்க விடாவிட்டால் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.